இரும்பின் கறுப்புத் தோல்

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் முதலில் ஒரு பக்கத்தை மட்டும்தான் துடைப்பார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடி, எதிரே இருக்கிறவன் முகத்தை இரண்டு விதமாகவும் பார்ப்பார். "ம், அழுக்குத்தான்" என்று திருப்தியடைந்த பிறகே அடுத்த பக்கத்தைத் துடைப்பார். எதிரே இருந்த முகம் பெரும்பாலும் என்னுடையது. அழுக்கு என்று சொன்னது கண்ணாடியையா என்னையா என்று முதல் ஆறு மாதம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணியை வெளுக்கிற ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் அவியல் பகுதிக்கு மேஸ்திரி. தறியிலிருந்து பழுப்பாக வரும் துணியை ஆளுயர இரும்பு டிரம்மில் அடைத்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நீராவி விட்டு அவிப்பது என் வேலை. அதன் பிறகுதான் துணி வெளுப்புத் தொட்டிக்குப் போகும். அந்த அம்மா சோதனைக்கூடத்து கெமிஸ்ட். கூடம் என்று பெயரே தவிர, அது பாய்லர் அறையின் சுவரை ஒட்டிய ஒரு சின்ன அறை; உள்ளே போனால் வேர்த்து ஊற்றும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி நடந்து வருவார். தண்ணீரைச் சோதிப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் ‘தண்ணி மேடம்’. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே நானும் சொல்லப் போவதில்லை. சொன்னால் எனக்கே வேறு யாரோ மாதிரி இருக்கும்.

அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் நாளைக்குப் பத்துத் தடவையாவது வந்துவிடும்: "ஒண்ணைத் தொடாம வையுங்க அண்ணாச்சி." புது சோப்பு வந்தால் ஒரு முழத் துணியைப் பழைய சோப்பிலேயே துவைக்க வேண்டும். பாய்லருக்குப் புது மருந்து போட்டால் பழைய தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும். எதை மாற்றினாலும் மாற்றாத ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். "இல்லாட்டி எதனால நல்லாச்சு, எதனால கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்பார். சும்மா இருக்கும்போது கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். லோடு நெருக்குகிற நேரத்தில் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

தறிப் பகுதியில் ஒரு மேஸ்திரிக்கு முன்மண்டை வழுக்கை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு மூலிகை எண்ணெயை வாங்கி வந்து எங்களிடம் காட்டி அலட்டிக்கொண்டிருந்தார். தண்ணி மேடம் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஒரு மாசத்துக்கு எடப்பக்கம் மட்டும் தேயுங்க" என்றார். மனிதர் தேய்த்தார்! ஒரு மாதம் முழுக்க இடது பக்கம் மட்டும் மின்ன, எங்கள் கேலியெல்லாம் தாங்கிக்கொண்டு தேய்த்தார். மாதக் கடைசியில் மேடம் அவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து, இரண்டு பக்கத்தையும் சாவகாசமாகப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எண்ணெயை வீட்டுல குடுத்துருங்க, கதவுக் கீலுக்கு ஆகும்" என்றார். அவ்வளவுதான், அந்த வருடம் முழுவதும் எங்களுக்குச் சிரிக்க அது போதுமானதாக இருந்தது.

கோடையில் சப்பட்டை மாம்பழம் வந்தால் ஒரு பழத்தை வைக்கோலில் புதைத்து, இன்னொன்றை மேசை மேல் திறந்தே வைப்பார். பழுத்ததும் இரண்டிலும் கீற்றுப் போட்டு, எது எதென்று சொல்லாமல் எங்களுக்குத் தருவார். நாங்கள் ருசி பார்த்துச் சொல்வதை ஒரு மாணவி மாதிரி எழுதிக்கொள்வார். அவர் கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். ஒருநாள் நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன்.

"மேடம், ஒங்களுக்கு ரெண்டு பிள்ளைக. பரீட்சை வந்தா ஒரு பிள்ளைக்கு மட்டும் ஜெபம் பண்ணிட்டு இன்னொண்ணைத் தொடாம வச்சிருவீங்களோ?"

"அதுல மட்டும் சோதனை கிடையாது அண்ணாச்சி" என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி ஆகிவிட்டது. அன்றைக்கும் ஒரு பக்கம்தான் முதலில்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரு குணமும் இருந்தது. "எனக்குத் தெரியல" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார். எங்கள் தொழிற்சாலையில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டோம். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். அதிலும் எங்கள் மேனேஜர் இருக்கிறாரே, தெரியாது என்று வாயைத் திறப்பவனை அன்றைக்கே மட்டம் தட்டிவிடுவார். அவர் முன்னால் நின்றுகொண்டு, "தெரியல சார், பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று இந்த அம்மா சொல்லும்போது நான் மெல்ல இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொள்வேன்.

என் டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடம் காஸ்டிக்கில் வெந்து வெந்து அதன் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருக்கும். அழுக்கு இல்லை; கையால் தடவினால் கை கறுக்காது. நகத்தால் சுரண்டினாலும் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தண்ணி மேடம் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "இது இரும்பு தனக்குத்தானே போட்டுக்கிட்ட தோல் அண்ணாச்சி. துருங்கிறது இரும்பும் காத்தும் சேந்ததுதான், இதுவும் இரும்பும் காத்தும் சேந்ததுதான். ஆனா அது உதிரும், இது ஒட்டிக்கிடும். இந்தத் தோல் இருக்கவரைக்கும் உள்ள இருக்க இரும்பு கெடாது, ஒங்க துணியிலயும் துரு ஒட்டாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். பின்னாளில், பல வருடம் கழித்து, தொழிற்சாலையைப் பார்க்க வந்த ஒருவர் என் டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "ஏன் இதைச் சுத்தமே பண்ணலை?" என்று கேட்டார். "இப்படிச் சுத்தம் பண்ணாம வச்சிருக்க ரெம்பக் கஷ்டப்பட்டிருக்கோம் சார்" என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலைச் சொல்கிற அருகதை எனக்கு வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது.

ஆயுத பூசைக்கு எங்கள் தொழிற்சாலையில் போட்டி உண்டு. எந்தப் பகுதி மிஷின் அதிகமாகப் பளபளக்கிறதோ அந்தப் பகுதிக்கு முதலாளி கையால் ஒரு பரிசு. வருடா வருடம் ஒர்க்‌ஷாப்காரர்கள் லேத் மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பரிசைத் தட்டிக்கொண்டு போவார்கள். என் கறுப்பு டிரம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு வருடம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளுப்புத் தொட்டிக்குப் பிறகு துணியை அலச நாங்கள் ஆசிட் வைத்திருப்போம். அதை அந்தத் தொட்டியைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. பூசைக்கு முந்திய நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று தண்ணி மேடம் சீக்கிரமே கிளம்பிவிட்டார். நான் ஆசிட்டை ஊற்றினேன்.

அது பொங்கிய அழகை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி இரும்பெங்கும் குமிழி குமிழியாகக் கிளம்பி வந்தது. மூடியையும் விடவில்லை, கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, அதன் குழியிலும் ஊற்றினேன். மறுநாள் காலையில் வந்து கழுவிப் பார்த்தால் டிரம் உள்ளே வெள்ளித் தாம்பாளம்தான். பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், வாழைக்கன்று, சுண்டல். பரிசு எனக்குத்தான். ஒர்க்‌ஷாப்காரர்கள் முகத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டியிருந்தது.

பூசைக்கு வந்த தண்ணி மேடம் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எதை வச்சு அண்ணாச்சி தேய்ச்சீங்க?"

"புளியும் சாம்பலும் மேடம். அம்புட்டுப் பேரும் உக்காந்து தேய்ச்சோம்."

"எங்கயாவது தேய்க்காம விட்டிருக்கீங்களா?"

"பூசையும் அதுவுமா அதுவேற வேணுமாக்கும்!" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்று நினைத்து நான் சுண்டலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

விஜயதசமியன்று வேலை தொடங்கியது. அவித்து வெளுத்து எடுத்த முதல் லோடிலேயே மஞ்சள் புள்ளி. மிளகளவில், அங்கொன்றும் இங்கொன்றுமாக. துருக்கறை. மற்றத் துணி என்றால் சாயத்தில் மறைத்துவிடலாம். புண்ணில் கட்டுகிற துணியில் துருப் புள்ளி இருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. இரண்டாவது லோடிலும் புள்ளி. மூன்றாவதிலும் புள்ளி. இதற்குள் டிரம் பழையபடி கறுத்துவிட்டது. பார்வைக்கு முன்பு இருந்த அதே கறுப்பு. ஆகவே டிரம் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆசிட் ஊற்றிய எனக்கே பாதிதான் வந்தது. கறுத்துவிட்டதே, இன்னும் ஏன் துரு விடுகிறது?

மேனேஜர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலையின் போர்வெல் தண்ணீரில் இரும்பு வந்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்க இந்த அம்மாவுக்குத் துப்பில்லை என்று. தண்ணி மேடம் எங்கள் முன்னாலேயே சோதித்துக் காட்டினார். அவரிடம் ஒரு மருந்து உண்டு. இரும்பு இருக்கிற தண்ணீரில் சொட்டு விட்டால் நீலமாகும். எங்கள் தண்ணீர் நிறம் மாறவில்லை. அதே தண்ணீரில் ஒரு முழத் துணியை எவர்சில்வர் பாத்திரத்தில் அவித்தும் காட்டினார். ஒரு புள்ளி இல்லை.

"சட்டியில அவிக்கதும் டிரம்மில அவிக்கதும் ஒண்ணாம்மா? வெளையாடுதியா?" என்றார் மேனேஜர். "இந்த மாசக் கடைசிக்குள்ள புள்ளி நிக்கணும். இல்லைன்னா வேற கெமிஸ்ட் பாத்துக்கிடுதோம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மா வேலை போகும். இரண்டில் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் சுற்றினேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. பரிசாக வந்த தூக்குவாளியில் என் மனைவி மோர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன்.

அந்த ஒரு வாரமும் அவர் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தார். டிரம்மில் ஒட்டுப்போட வாங்கிய தகட்டில் மிச்சம் ஒன்று கிடந்தது. அதை வெட்டித் தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டார். நானே வெட்டிக் கொடுத்தேன். ஒரு துண்டை வெறும் எமரித் தாளால் தேய்த்தார். இன்னொன்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். இரண்டையும் காஸ்டிக்கில் ஒன்றாக அவித்தார். இரண்டும் ஒன்றுபோலக் கறுத்தன. இரண்டையும் லேசாக உப்புப் போட்ட தண்ணீரில் தொங்கவிட்டார். நாலு நாள் ஆகியும் இரண்டிலும் துரு இல்லை.

ஐந்தாம் நாள் அந்தப் புளித் துண்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"புளி மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னதை நம்பித்தான் செஞ்சு பாத்தேன். புளியில தேய்ச்சா தோல் திரும்ப நல்லாத்தான் வருது."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் சொன்ன பொய்யை ஒரு மனிதப் பிறவி இத்தனை சிரத்தையாக, ஒரு வாரம் செலவழித்து, உண்மையா என்று பார்த்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புளி இல்ல மேடம். ஆசிட்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எம்புட்டு நேரம் கெடந்துச்சு?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ஊத்தினேன். காலையிலதான் எடுத்தேன்."

"குமிழி வந்துச்சா?"

"பொங்கிப் பொங்கி வந்துச்சு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று என் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வேலை போகப்போகிற ஆளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது துண்டு ஆசிட்டில் ஊறியது. சோடாத் தண்ணீரில் அலசி, முதல் துண்டைப் போலவே எமரியால் தேய்த்து, காஸ்டிக்கில் அவித்தார். கறுத்தது. பார்வைக்கு மற்ற இரண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் தொங்கவிட்ட மறுநாளே மஞ்சள் பூத்துவிட்டது. நாலாவது துண்டையும் ஆசிட்டில் ஊறவைத்தார். ஆனால் அதை இரண்டு நாள் பாய்லரின் புகைப்பாதை மேல் வைத்துச் சுடவிட்டு, அப்புறம் மற்றதற்குச் செய்ததையெல்லாம் செய்தார். அது புளித் துண்டைப் போலவே சுத்தமாக நின்றது.

"நீங்க பாத்த குமிழி எல்லாம் வெளிய வந்தது அண்ணாச்சி" என்று விளக்கினார். "வெளிய வராம உள்ள போனதும் இருக்கு. ஆசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் கெளம்பும். அதைவிடப் பொடிசு ஒலகத்துல எதுவும் இல்லை. கொஞ்சம் குமிழியா மேல போயிரும், கொஞ்சம் இரும்புக்குள்ள இடுக்குப் பாத்துப் பதுங்கிக்கிடும். பொறவு நாம தோல் கட்ட வைக்கோம். தோல் கட்டுது. ஆனா உள்ள இருக்கது சும்மா இருக்காம வெளிய வந்துக்கிட்டே இருந்தா, தோல் எப்படி இறுகும்? கறுப்பாத்தான் இருக்கும், பொத்தலா இருக்கும். அந்தப் பொத்தல் வழியா துரு. சூடு பண்ணினா அது கெளம்பிப் போயிருது, தோல் இறுகிருது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படித்தான்னு நெனைக்கேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதலாளியிடம் போக வேண்டியிருந்தது. டிரம்மை நிறுத்தி, சுற்றிலும் தணல் போட்டு இரண்டு நாள் சுட வேண்டும்; தோல் கட்ட இன்னொரு நாள். ஆஸ்பத்திரி ஆர்டர் கழுத்தில் நிற்கிற நேரத்தில் மூன்று நாள். போகும் வழியில் என்னிடம், "நான் இரும்பைப் பத்தி மட்டுந்தான் பேசுவேன். யாரு ஊத்தினாங்கிறது எனக்கு வேண்டாத விவரம். நீங்க சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம்" என்றார்.

முதலாளி தெலுங்கு பேசுகிற குடும்பத்துக்காரர். நிதானமான மனிதர். தகடு நாலையும் மேசை மேல் வரிசையாக வைத்து மேடம் சொன்னதை முழுக்கக் கேட்டார். மேனேஜர் இடையில் பாய்ந்தார். "தண்ணியை மறைக்கதுக்குக் கதை கட்டுது மொதலாளி இந்தம்மா. நம்ம டிரம்மில ஆசிட்டு எப்படி வரும்?"

"ஏமம்மா, அதானே? ஆசிட் ஊத்தினது யாரு?" என்று முதலாளி மேடத்தைப் பார்த்தார்.

மேடம் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர்தான். அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் மேலிருந்த பழி தீர்ந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"நாந்தான் மொதலாளி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன்.

முதலாளி தகடு நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேடம் பக்கம் தள்ளினார். "மூணு நாள் எடுத்துக்கிடுங்க. அதுக்குப் பொறவும் புள்ளி வந்தா ரெண்டு பேரும் வர வேண்டாம்" என்றார்.

டிரம்மைச் சுற்றி விறகையும் கரியையும் அடுக்கினோம். அப்போதுதான் அந்த அம்மா என் உயிரை எடுக்கிற ஒரு காரியம் செய்தார். மூடியைக் கழற்றி ஒரு ஓரமாக வைக்கச் சொன்னார்.

"மூடியிலயும் ஆசிட் ஊத்தியிருக்கு மேடம். அதையும் சேத்துச் சுட்டாத்தானே?"

"வேண்டாம். ஒண்ணைத் தொடாம வையுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எம்மா, ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? வேலை போற நேரத்துலயுமா இது? மூடியில இருந்து ஒரே ஒரு புள்ளி விழுந்தாலும் ரெண்டு குடும்பம் தெருவுல நிக்கும்!"

அவர் கோபப்படவில்லை. "எல்லாத்தையும் சுட்டு, துணி வெள்ளையா வந்தா, மேனேஜர் என்ன சொல்லுவாரு? போர்த் தண்ணி தன்னால சரியாயிட்டுன்னு சொல்லுவாரு. நீங்க ஊத்தின ஆசிட்டு பொய்யாப் போகும், என் தண்ணி மேல பழி அப்படியே நிக்கும்" என்றார். "எனக்கு வேலை வேணும் அண்ணாச்சி. ஆனா பழியோட வேண்டாம்."

மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

இரண்டு நாள் தணல் அணையாமல் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் டிரம்மையும் மூடியையும் ஒன்றுபோல எமரியால் தேய்த்தோம். நான் தேய்த்த ஒவ்வொரு இடத்தையும் மேடம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெறும் காஸ்டிக்கில் அவித்துத் தோல் கட்ட விட்டோம். இரண்டும் கறுத்தன. பிறகு வெள்ளோட்டமாக அரை லோடு துணி. டிரம்முக்குள் துணியை வழக்கம்போல அடைத்தோம். மூடியின் அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு முழத் துணியை, இரும்பில் நன்றாக ஒட்டும்படி, நானே கட்டினேன். அதே தண்ணீர், அதே காஸ்டிக், அதே நீராவி. முதலாளியும் மேனேஜரும் வந்து நின்றார்கள்.

திறந்து, அலசி, வெளுத்து எடுத்தோம். டிரம்முக்குள் இருந்த துணியை உதறி உதறி விரித்தேன். பத்து முழம், இருபது முழம், ஐம்பது முழம். ஒரு புள்ளி இல்லை. பால் வெள்ளை. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மேடம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியில் கட்டியிருந்த ஒரு முழத்தை வெளிச்சத்தில் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அதில் ஏழெட்டு மஞ்சள் புள்ளிகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் பார்த்ததில்லை.

வெள்ளைத் துணியை ஒரு கையிலும் புள்ளித் துணியை ஒரு கையிலும் முதலாளியிடம் நீட்டினார். "ரெண்டும் ஒரே தண்ணிதான் மொதலாளி" என்றார். மேனேஜரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி இரண்டையும் வாங்கிப் பார்த்தார். மூடியையும் சுட்டுவிட்டு ஆர்டரை ஓட்டச் சொன்னார். எனக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு கொடுத்தார்; அதோடு விட்டார். இரண்டு மூன்று வருடம் கழித்து மேடத்தின் வீட்டுக்காரருக்கு வெளியூர் மாற்றலாகி, அவர்களும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஆனால் எங்கே யார் கேட்டாலும் நான் மார்தட்டித்தான் சொல்வேன்: நான் அந்த அம்மாவோடு வேலை பார்த்தவன். அந்த மூடியில் துணியைக் கட்டிய கை என் கை.

லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில், சோதனைக்கூட வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். கையில் தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டில். உள்ளே போகவும் தயங்கி, திரும்பிப் போகவும் தயங்கி நின்றார். கடைசியில் உள்ளே காலடி வைத்தார்.

"எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி. துவைச்ச வேட்டியெல்லாம் பழுப்பா வருது. செத்த பாத்துச் சொல்ல முடியுமா?"

மேடம் பாட்டிலை வாங்கி, சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, மருந்தைச் சொட்டு விட்டார். தண்ணீர் அப்படியே கருநீலமாகிவிட்டது.

"இரும்பு இருக்கு சார். குடிக்க வேண்டாம்."

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை பார் என்று மேனேஜர் சொல்லவில்லை. உன் சோதனை சரியா என்று கேட்கவில்லை. பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அம்மாவை ‘ஏம்மா’ என்றே கூப்பிட்ட மனிதர், தலையைக் குனிந்து சொன்னார்:

"சரிங்க மேடம்."